கிளைம் வந்தால் வீடியோவை அழிக்கலாமா?

கேள்வி: படிவம் 5 முடித்த மகன், கணினி விளையாட்டு ஆடுவதைப் பதிவு செய்து யூடியூப்பில் போடுகிறான். ஒரு வீடியோவுக்கு ‘காப்பிரைட் கிளைம்’ (பதிப்புரிமை கோரல்) வந்திருக்கிறது. விளையாட்டு நிறுவனமே வீடியோ போட அனுமதி தருகிறதாம். கிளைம் போட்டதோ வேறொரு இசை நிறுவனம். சேனலை மூடிவிடுவார்கள் என்று பயந்து அழிக்கப் பார்க்கிறான்.
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அழிக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள் அம்மா. கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. உரிமையாளர் கேட்டு வீடியோ எடுக்கப்பட்டால் சேனல் மீது விழும் எச்சரிக்கைதான் ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால்தான் சேனல் போகும். கிளைம் அந்த வீடியோவோடு நிற்கும்: விளம்பரக் காசு கோரியவருக்குப் போகலாம், வீடியோ முடங்கலாம். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாலும் அதே கிளைம் வந்து உட்காரும். தோட்டத்து இணைய லைனில் விடிய விடிய ஏற்றியதுதான் மிச்சம்.

கிளைம் போட்டது பெரும்பாலும் ஆள் அல்ல. 2007இல் வந்த ‘கன்டென்ட் ஐடி’ என்ற யூடியூப்பின் தானியங்கி முறை. உரிமையாளர்கள் கொடுத்த கோப்புகளோடு உங்கள் ஒலியையும் படத்தையும் ஒப்பிடும். ஒருவர் விளையாட்டு இசையைத் தன் பாட்டில் கலந்து முழுப் பாட்டையும் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டால், அந்த இசை வரும் வீடியோக்கள் எல்லாம் மாட்டும். வெறும் இரைச்சல் ஓடும் 10 மணி நேர வீடியோவுக்கே ஐந்து கிளைம் விழுந்தது 2018இல் செய்தியானது.

‘யூடியூப் ஸ்டூடியோ’வில் அந்த வீடியோவின் ‘காப்பிரைட்’ விவரத்தைத் திறந்து, பொருந்தியதாகக் காட்டும் நேரத்தைப் போட்டுக் கேளுங்கள். விளையாட்டுக்குள் கார் ரேடியோவில் பாடும் பிரபல பாட்டு என்றால் கிளைம் சரிதான். நிறுவனத்தின் அனுமதி பொதுவாக அடுத்தவர் பாட்டுக்குச் செல்லாது. அந்தப் பாட்டை மட்டும் ‘மியூட்’ செய்யலாம், பேச்சும் சேர்ந்து அடிபடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை, சில விளையாட்டுகளில் இருக்கும் ‘ஸ்ட்ரீமர் மோட்’ (இப்படிப்பட்ட பாட்டுகளை நிறுத்திவைக்கும் அமைப்பு) போட்டுவிட்டுப் பதியட்டும்.

விளையாட்டின் சொந்த இசை என்றால் ‘டிஸ்பியூட்’ (ஆட்சேபம்) போடுங்கள், காரணமாக ‘லைசென்ஸ்’ (அனுமதி உண்டு) என்பதைத் தேர்ந்தெடுங்கள். “0:42 முதல் 1:35 வரை வருவது மெனு திரை இசை, விளையாட்டிலேயே உள்ளது” என்று எழுதி, விளையாட்டின் பெயர், நிறுவனத்தின் வீடியோ அனுமதிப் பக்க முகவரி இரண்டையும் சேருங்கள். “காசு சம்பாதிக்கவில்லை”, “பெயர் போட்டிருக்கிறேன்” இரண்டும் செல்லாது. ‘ஃபேர் யூஸ்’ (அனுமதி இல்லாமலும் நியாயமான அளவு பயன்படுத்தலாம் என்ற சட்ட விலக்கு) என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறார்கள் பலர், அதுவும் வேண்டாம்.

சேனலில் விளம்பர வருமானம் இருந்தால் 5 நாளுக்குள் போடுங்கள். கிளைம் விழுந்த நாளிலிருந்து வரும் காசு யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். தாமதித்தால் டிஸ்பியூட் போட்ட நாளிலிருந்துதான். எதிர்த்தரப்புக்கு 30 நாள் தவணை. பதில் இல்லையென்றால் கிளைம் நீங்கிவிடும். மறுத்தால் ‘அப்பீல்’ (மேல்முறையீடு) போடலாம், அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்கு 7 நாள். ஆனால் அப்பீலையும் எதிர்த்து அவர்கள் வீடியோவை எடுக்கக் கோரினால் ஸ்ட்ரைக் வரும். அனுமதிப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அப்பீலைத் தொட வேண்டும்.

கேள்வி: கிளைம் வருமா என்று வெளியிடும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: முடியும். ஏற்றும்போதே ‘Checks’ (சோதனை) என்ற படி வரும், அது முடியும்வரை ‘பிரைவேட்’டாக வைத்திருங்கள். வெளியிட்ட பிறகும் கிளைம் விழலாம், அதனால் அசல் கோப்பை அழித்துவிடாதீர்கள்.