மெரினாவின் மணல் எந்தக் கட்டுரையில் வரும்?

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ‘மெரினா கடற்கரை’ என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரையைத் திருத்திய ஆசிரியர், ‘வருணனையும் விளக்கமும் கலந்து கிடக்கின்றன; நடையும் சீராக இல்லை’ என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். கட்டுரை வகையும் நடையும் வெவ்வேறா? வீட்டில் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வெவ்வேறுதான், ஆனால் வகை தெளிந்துவிட்டால் நடையில் பாதிக் குழப்பம் தானே தீர்ந்துவிடும். கட்டுரையின் வகையை முடிவுசெய்வது எடுத்துக்கொண்ட பொருளன்று, அந்தப் பொருளைப் பற்றி எழுப்பப்படும் கேள்வி. ‘மெரினா கடற்கரை’ என்ற தலைப்பு எதையுமே கேட்கவில்லை என்பதால், தங்கள் மகளின் பிழையில் தலைப்புக் கொடுத்தவருக்கும் ஒரு பங்கு உண்டு.

‘மெரினாவில் ஒரு மாலை’ என்றால் அது வருணனைக் கட்டுரை. ‘தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல்’ என்ற குரலும் காலடியில் நழுவும் ஈர மணலும் அதற்குப் போதும். ‘மெரினாவின் மணற்பரப்பு இவ்வளவு அகன்றது ஏன்?’ என்றால் அது விளக்கக் கட்டுரை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் எழுப்பிய சுவர்கள், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. தடைபட்ட மணல் தெற்கே மெரினாவில் சேர்ந்துகொண்டே போக, மணல் வரத்துக் குறைந்த வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரிக்கத் தொடங்கியது. காரணம் முன்னும் விளைவு பின்னுமாகச் செல்லும் இந்த வரிசையின் நடுவே ‘நீலத்திரைக் கடல் நித்தமும் பாடுகிறது’ என்று ஒரு வாக்கியம் நுழைந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் அடிக்க வேண்டியதே. 13ஆம் நூற்றாண்டு நன்னூல், நூலுக்கு ஆகாதவை என்று சொல்லும் 10 குற்றங்களில் ‘மற்றொன்று விரித்தல்’ என்பது இதுதான். (அதே பட்டியலில் உள்ள ‘சென்று தேய்ந்து இறுதல்’, தேர்வறையில் மணியடிக்கும் நேரத்தில் எல்லாருக்கும் நேர்வது.)

‘மணலில் கடைகளுக்கு இடம் தரலாமா?’ என்று கேட்டால் அது வாதக் கட்டுரையாகிவிடும். கடைகள் கூடாது என்று எழுதுபவர், அவற்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் தரப்பை முதலில் குறைவின்றிச் சொல்லிவிட்டே மறுக்க வேண்டும்.

நடையைப் பொறுத்தவரை, மாணவர் கட்டுரைகளில் நான் அடிக்கடி காண்பது இத்தகைய வாக்கியம்: ‘மெரினா கடற்கரையானது மக்களால் பெரிதும் விரும்பப்படுகின்ற இடமாகத் திகழ்கின்றது என்பது குறிப்பிடத்தக்கது.’ இதில் ‘ஆனது’, ‘திகழ்கின்றது’, ‘குறிப்பிடத்தக்கது’ மூன்றும் வெறும் சுமை. ‘ஞாயிற்றுக்கிழமை மாலையில் மெரினாவில் கால்வைக்க இடமிருக்காது’ என்றால் செய்தியும் காட்சியும் ஒருங்கே வந்துவிடுகின்றன. எளிமை என்ற பெயரில் ‘சென்றோம்’ என்று தொடங்கி ‘சாப்பிட்டுட்டு வந்தோம்’ என்று முடிப்பதும் தவறு. பேச்சுத்தமிழ் சுண்டல்காரரின் வாயில், மேற்கோள் குறிக்குள் வரட்டும்.

பழைய கட்டுரையிலிருந்து மணலைப் பற்றிய வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, ‘ஏன்?’ என்ற தலைப்பின் கீழ் அவள் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும்; சுண்டலை அடுத்த வாரக் கட்டுரைக்கு வைத்துக்கொள்ளலாம்.