மெட்லரும் நேஃப்ளும் ஒரே சொல்லா?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘மெட்லர்’ எனப்படும் பழமரத்துக்குப் பிரெஞ்சில் ‘நேஃப்ளியே’ என்று பெயர். இரண்டும் ஒரே சொல்லிலிருந்து வந்தவையா?

ஆம். கிரேக்கத்தில் ‘மெஸ்பிலோன்’, லத்தீனில் ‘மெஸ்பிலும்’. அங்கிருந்துதான் பாதை இரண்டாகப் பிரிகிறது.

முதலில் பிரெஞ்சு. பேச்சு லத்தீனில் சொல்லின் முதல் மகரம் நகரமானது. நம் இலக்கணத்தில் அறம் ‘அறன்’ ஆவதைப் போலி என்கிறோமே, அதைப்போல இது சொல்லின் தொடக்கத்தில் நடந்தது. லத்தீன் ‘மாப்பா’ பிரெஞ்சில் ‘நாப்’ (மேசை விரிப்பு) ஆனதும், ‘மாத்தா’ ‘நாத்’ (பாய்) ஆனதும் இப்படித்தான். பழத்துக்கு ‘நேஃப்ல்’ என்ற பெயர் நிலைத்தது. இத்தாலியின் ‘நேஸ்போலா’, ஸ்பெயினின் ‘நீஸ்பெரோ’ இரண்டிலும் அதே நகரம்தான். ஜெர்மனின் ‘மிஸ்பெல்’ மகரத்தை விடவில்லை.

ஆங்கிலத்துக்குப் போனது மகரம் மாறாத வடிவம். பழைய பிரெஞ்சில் பழம் ‘மெஸ்ல்’, மரம் ‘மெஸ்லியே’. ‘பொம்’ ஆப்பிள், ‘பொம்மியே’ ஆப்பிள் மரம் என்பதுபோல ‘-இயே’ மரத்தைக் குறிக்கும் விகுதி. ஆக, ஆங்கிலேயர் இன்று பழத்தைச் சொல்லும் பெயரில் மரத்தின் விகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நடுவில் ‘ட்’ எப்படி வந்தது? இங்கிலாந்தை ஆண்ட நார்மன்களின் பிரெஞ்சில் லகரத்துக்கு முன் வந்த ‘ஸ்’ இப்படித் திரிந்தது. கலப்பதைக் குறித்த ‘மெஸ்லே’ ஆங்கிலத்தில் ‘மெடில்’ ஆனதும் இதே வழியில்தான். ஒலி ஒத்திருப்பதால் மெட்லரும் மெடிலும் உறவு என்று நினைக்கத் தோன்றும், அது தவறு. மெடிலின் வேர் லத்தீன் ‘மிஸ்குலாரே’. திரிந்த விதம் ஒன்று, வேர் வேறு.

நார்மன்கள் வருமுன்பே இங்கிலாந்தில் இதற்குச் சொந்தப் பெயர் உண்டு: ‘ஓப்பன்-ஆர்ஸ்’, அதாவது திறந்த பின்புறம். பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். காம்புக்கு எதிர்ப்பக்கம் ஐந்து புல்லிகள் விரிந்து நிற்க, நடுவே அகலமான குழி. பிரெஞ்சு நாட்டுப்புறத்திலும் ‘நாயின் பின்புறம்’ என்ற பெயர் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் அந்தப் பழைய ஆங்கிலப் பெயரைத்தான் எழுதினார்.

தமிழில் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் மகிழ மரத்துக்கும் ஆங்கிலத்தில் ‘மெட்லர்’ என்ற பெயர் வழங்குகிறது. ஐரோப்பிய மெட்லர் ரோஜாக் குடும்பம், ஆப்பிளுக்கு உறவு. மகிழம் இலுப்பைக் குடும்பம். பழைய ஐரோப்பிய நூலில் வரும் மெட்லரை ‘மகிழம்’ என்று மொழிபெயர்த்தால் மரமே மாறிவிடும்.