சிறுநீரகம் ஏன் அடுத்தவருக்குப் போனது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். என் வீட்டுக்காரருக்கு 46 வயது, ஓ நெகட்டிவ். இரண்டரை வருடமாக டயாலிசிஸ். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் போட்ட ஃபிஸ்டுலா அடைத்துப்போய், இப்போது கழுத்தில் குழாய். மாற்று சிறுநீரகத்துக்குத் திருச்சியில் பதிந்திருக்கிறோம். போன மாதம் ராத்திரியில் கூப்பிட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு அப்புறம் பதிந்தவருக்குக் கொடுத்தார்களாம். பணம் விளையாடுகிறதா? ஒருவர் பத்து லட்சம் கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். வாழைத்தண்டுச் சாறு கொடுக்கிறேன். கொஞ்ச நாளாக டயாலிசிஸ் அன்று குளிர்நடுக்கம்; பாராசிட்டமால் போட்டால் நின்றுவிடுகிறது.

பதில்: நிற்கவில்லை அம்மா, மறைந்துகொள்கிறது. கழுத்தில் குழாய் இருப்பவருக்கு டயாலிசிஸ் ஓடும்போது நடுக்கம் வந்தால், குழாயில் கிருமி குடியேறியிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இயந்திரம் ஓட ஓட அந்தக் கிருமி ரத்தத்தில் கலக்கிறது. விட்டால் இதய வால்வு வரை போகும். இன்றைக்கே கூட்டிப் போங்கள். ரத்தத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அப்புறம் எந்தக் கிருமி என்றே கண்டுபிடிக்க முடியாது. குழாயையே மாற்ற வேண்டியும் வரலாம். இன்னொன்று: மாற்று அறுவைக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும் என்பதால், ரத்தத்தில் கிருமி உள்ளவருக்கு முறை வந்தாலும் சிறுநீரகம் வைக்க மாட்டார்கள்.

இனி உங்கள் சந்தேகம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இதில் பணத்துக்கு வேலையே இல்லை. சிறுநீரகம் வந்தால் ஒருவரை மட்டும் கூப்பிடுவதில்லை. அவருக்குப் பொருந்தாவிட்டால் வீணாகக் கூடாதே என்று, பட்டியலில் அடுத்திருப்பவர்களையும் வரவழைப்பார்கள். அன்று எடுத்த ரத்தம் கிராஸ் மேட்ச் என்ற பொருத்தம் பார்க்கும் சோதனைக்கு. கொடையாளியின் வெள்ளணுக்களை எதிர்க்கும் பொருள் உங்கள் வீட்டுக்காரரின் ரத்தத்தில் இருந்தால், வைத்த சிறுநீரகம் அறுவை மேசையிலேயே நீலம் பாரித்துவிடும். அந்த எதிர்ப்பை உண்டாக்குவதில் ரத்தம் ஏற்றுவதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே ஹீமோகுளோபின் குறையும்போதெல்லாம் 'ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள்' என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அதற்கு, ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொய்டின் ஊசியும் இரும்புச்சத்தும் இருக்கின்றன.

அப்புறம் பதிந்தவர் முந்திக்கொண்டதற்கு இன்னும் காரணங்கள் இருக்கலாம். வரிசை ரத்தப் பிரிவு வாரியாக ஓடுகிறது. பி பிரிவுக்காரர் உங்கள் வரிசையிலேயே இல்லை. ஓ பிரிவுக்கு ஓ சிறுநீரகம் மட்டும்தான் ஆகும், அதனால் காத்திருப்பு நீளும். நெகட்டிவ் என்று கவலைப்பட வேண்டாம், சிறுநீரகத்துக்கு அது கணக்கில்லை. சிறுநீரகம் தந்தவருக்கு மூளைச்சாவு நடந்த மருத்துவமனைக்கே மாற்று அறுவை அனுமதி இருந்தால், ஒரு சிறுநீரகம் அங்கே காத்திருப்பவருக்கு. மற்றது பொதுப் பட்டியலுக்கு. பங்கிடுவது மருத்துவர் அல்ல, தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம். அன்று உங்களை ஏன் அனுப்பினார்கள் என்று பதிந்த இடத்து ஒருங்கிணைப்பாளரிடம் நேராகக் கேளுங்கள். சொல்வார்.

பத்து லட்சக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உறுப்புக்குப் பணம் பேசினால் 5 முதல் 10 வருடம் சிறை, 20 லட்சத்துக்குக் குறையாத அபராதம். விற்பவர், வாங்குபவர், தரகர் எல்லோருக்கும்தான். வீட்டில் யாராவது தர முன்வந்து ரத்தப் பிரிவு ஒத்துவராவிட்டால், அதே சிக்கலில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை விசாரியுங்கள்.

வாழைத்தண்டுச் சாற்றை இன்றோடு நிறுத்துங்கள். சிறுநீரகக் கல்லுக்குச் சொன்ன வைத்தியத்தை டயாலிசிஸ்காரருக்குக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் இதயத்தைப் பிடிக்கும். இளநீரும் அப்படித்தான்.

பதிவில் உங்கள் மகன் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். நடவு வேலையில் போனை வரப்பில் வைத்துவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். அழைப்பு வந்தபின் மன்னார்குடியிலிருந்து திருச்சிக்குப் போய்ச் சேரவும் நேரம் வேண்டுமே. ஆனால் அதெல்லாம் நாளைக்கு. முதலில் அந்த நடுக்கம். அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்காதீர்கள்.