.22 ரைஃபிளில் குண்டு சிதறுகிறது, விலை கூடிய தோட்டா வாங்கினால் சரியாகுமா?

கிளப்பில் 50 மீட்டர் ப்ரோன், அதாவது குப்புறப் படுத்துச் சுடுகிறவர் நீங்கள், சேர்ந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். பத்து ரவுண்டில் ஆறு, நடுவிலுள்ள பத்துப் புள்ளி வளையத்தில் விழுந்து மீதி எட்டு, ஒன்பது என்று போகும்போது எல்லோருக்கும் முதலில் தோட்டா மேல்தான் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. அதனால் ஒரு மாநிலப் போட்டியே போயிற்று.

போட்டிக்கு முந்தைய நாள் எங்கள் சீனியர் அண்ணா ஒருவர், "ஒலிம்பிக்காரங்க சுடுற ரவுண்டும்மா இது, போட்டுப் பார்" என்று இரண்டு பெட்டி கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார், அவரைக் குறை சொல்லவில்லை. மறுநாள் குறியைச் சரிபார்க்க முதலில் சுடும் சைட்டர் ரவுண்டுகள் ஆளுக்கொரு பக்கம் போயின. நான் குறி பார்க்கும் பின் சைட்டைத் திருகினேன். இருபது ரவுண்டு போனதும் குரூப், அதாவது குண்டுகள் விழும் கூட்டம், தானாக வேறு இடத்துக்கு நகர்ந்தது. மறுபடி திருகினேன். அறுபது ரவுண்டும் இப்படியே முடிந்தது. வெளியே வந்து, ரைஃபிளைக் கையோடு பிணைக்கும் வாரான ஸ்லிங்கைக் கழற்றும்போது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. .22 குண்டு ஈயம், மேலே மெழுகோ கிரீஸோ தடவியிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அது வேறு. பழைய பூச்சு பேரலிலிருந்து (குழலிலிருந்து) போய்ப் புதியது படியும்வரை குரூப் நிலைக்காது.

அப்புறம் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டாக்கோடு (தோளில் வைக்கும் கட்டையோடு) ரைஃபிளைப் பிணைக்கும் இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று தளர்ந்திருந்தது. அதை முறுக்கியதும் பாதிச் சிதறல் நின்றது. பிறகு நான்கு வகை வாங்கினேன். ஒவ்வொன்றிலும் முதல் 15 ரவுண்டைக் கணக்கில் சேர்க்காமல், பத்துப் பத்தாக ஐந்து குரூப் சுட்டு அளந்தேன். ஐந்து ரவுண்டு குரூப்பை நம்பாதீர்கள், அதிர்ஷ்டத்தில்கூட அழகாக விழும். என் பேரலுக்குப் பிடித்தது நடுத்தர விலைத் தோட்டாதான். அதிலும் அடுத்த லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) வாங்கியபோது குரூப் விரிந்துவிட்டது. பெட்டியில் பெயர் அதேதான், லாட் எண் வேறு. பெரிய ஆட்டக்காரர்கள் ஜெர்மனியில் தோட்டாக் கம்பெனியான லபுவாவின் ஷோனெபெக் மையத்துக்கு ரைஃபிளோடு போய், லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான்.

"விலை கொடுக்க முடியாதவர் பேச்சு" என்று யாராவது எழுதுவீர்கள். நல்ல தோட்டா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலை கூடியதில் வேகம் ரவுண்டுக்கு ரவுண்டு ஒரே சீராக இருக்கும், அதற்குத்தான் அந்தக் காசு. நொடிக்கு 10 மீட்டர் வேகம் மாறினால் 50 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் மேலோ கீழோ போகும். டார்கெட்டில் ஒரு வளையத்தின் அகலமே 8 மில்லிமீட்டர்தான். பத்து வளையத்தின் விட்டம் 10.4. ஆனால் எந்த லாட் என்பதை உங்கள் பேரல்தான் சொல்லும். 'ஹை வெலாசிட்டி' பெட்டி பக்கம் மட்டும் போகாதீர்கள். ஒலியைவிட வேகமாகக் கிளம்பி வழியில் அதற்குக் கீழே இறங்கும்போது குண்டு ஆடும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 2016 ரியோவுக்குப் பிறகு ப்ரோனை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2012 லண்டனில் நம் நாட்டு ஜாய்தீப் கர்மாகர் நான்காவதாக வந்த ஆட்டம் அது. இப்போது ரேஞ்சில் படுத்துச் சுட்டால், "ஒலிம்பிக்கிலேயே இல்லையே, எதுக்கும்மா?" என்று கேட்கிறார்கள். அறுபது ரவுண்டு மூச்சை அடக்கிப் படுத்துப் பார்த்தவர் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

நீங்கள் முதலில் அந்த இரண்டு ஸ்க்ரூவைப் பாருங்கள். இப்போது சுடும் பெட்டியின் லாட் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். போட்டிக்கு ஒரு மாதம் இருந்தால் மட்டும் தோட்டாவை மாற்றுங்கள்.