முதுகில் எடுக்கும் பேட்ச் டெஸ்ட் ஆபத்தா? அம்மாவுக்கு எடுக்கச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது

பயப்படாதீர்கள் தம்பி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் டாக்டர் இல்லை. "ஒருத்தருக்கு நடந்ததை வைத்து ஊருக்கே சொல்லலாமா" என்று யாராவது வருவார்கள், தெரியும். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும்தான் சொல்கிறேன்.

அப்பா மன்னார்குடிப் பக்கம் விவசாயி. முகம், கழுத்து, முழங்கை மடிப்பெல்லாம் தடித்துக் கறுத்து, ராத்திரி முழுக்கச் சொறிவார். சூடு என்றார்கள், கத்திரிக்காய் ஆகாது என்றார்கள். இரண்டு வருஷம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தது நான்தான். அது ஸ்டீராய்டு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. போட்டால் அடங்கும், விட்டால் இரண்டு மடங்காக வரும். சர்க்கரை ஏறியதுதான் மிச்சம். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எந்தப் பொருள் பட்டுத் தோலில் அலர்ஜி வருகிறது என்று கண்டுபிடிக்கிற இந்த டெஸ்ட்டைத் தஞ்சாவூரில் ஒரு தோல் டாக்டர்தான் சொன்னார். சித்திரையில் போனோம். வியர்வையில் பிளாஸ்திரி நிற்காது, முதலில் புண் ஆறட்டும் என்று மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மார்கழியில்தான் ஒட்டினார். "முதுகுல வெஷத்தத் தடவுறாங்களாமே" என்று அப்பாவுக்கு நடுக்கம். ஊசியே கிடையாது. குட்டி அலுமினியக் கிண்ணங்களில் வாஸ்லின் மாதிரிக் களிம்பு. ஒன்றில் நிக்கல், ஒன்றில் சிமெண்டில் இருக்கும் குரோமியம், ஒன்றில் தலைக்கு அடிக்கும் டையில் உள்ள பி.பி.டி., ஒன்றில் பார்த்தீனியம் என்கிற களைச்செடி. 48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது. பிரித்ததும் ஒரு தடவை, 96 மணி நேரத்தில் இன்னொரு தடவை பார்த்தார்கள். இந்த அலர்ஜி மெதுவாகத்தான் கிளம்பும், அந்த இரண்டாவது தடவையை விட்டுவிடாதீர்கள்.

பார்த்தீனியம் வைத்த கட்டம் மட்டும் சிவந்து, கடுகு கடுகாகக் கொப்புளம். கழுத்து அரிப்பும் நாலு நாள் கூடியது. முதுகில் அந்தக் கட்டத்தில் விழுந்த கறுப்பு மறைய மூன்று மாசம் ஆயிற்று. பட்ட கஷ்டம் அவ்வளவுதான். டெஸ்ட்டாலேயே புதிதாக அலர்ஜி ஒட்டிக்கொள்வதும், மூச்சு முட்டுகிற அளவுக்குப் போவதும் மிக அபூர்வம் என்றார் டாக்டர். உடம்பெல்லாம் எரிச்சலாக இருக்கும்போது எடுத்தால் எல்லாக் கட்டமும் சிவந்து, எது நிஜம் என்றே தெரியாமல் போகுமாம். அம்மாவுக்கு இப்போது புண் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காரணம் தெரிந்து என்ன, வாய்க்கால் கரை முழுக்க அந்தச் செடிதானே! ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் தூர் வாருகிறேன் என்று மண்ணை வழித்துக் கரையில் போடுகிறார்கள், அடுத்த மாசமே அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. பூப்பதற்கு முன்னால் வேரோடு பிடுங்க ஆள் விடச் சொல்லி மூன்று மனு கொடுத்தாயிற்று. அப்பா முழுக்கைச் சட்டையும் முகத்தைச் சுற்றித் துண்டுமாகத்தான் வயலுக்குப் போகிறார்.

போகும்போது அம்மா பூசுகிற டை, மருதாணி கோன், ஸ்டிக்கர் பொட்டு, சோப்பு எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். அவற்றை வீட்டிலேயே முதுகில் ஒட்டிப் பார்க்காதீர்கள், வெந்துவிடும்.