ஜிடிஎக்ஸ் 1060 இருக்கிற கணினியில் அடுத்து எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்? பவர் சப்ளை 450 வாட், மானிட்டர் 1080பி.

கார்டு பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வழக்கமாக ஆடும் கேமில் ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்துப் பாருங்கள், அப்படியும் எஃப்பிஎஸ் (ஒரு வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் வருகிறது என்ற கணக்கு) ஏறவே இல்லை என்றால் தடை பெரும்பாலும் பிராசசரில்தான், புது கார்டு போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏறினால் சரி, கார்டைத்தான் மாற்ற வேண்டும்.

1080பி-க்கு ஆர்டிஎக்ஸ் 4060 பொதுவாகப் போதும். அது இழுப்பது 115 வாட், உங்கள் பழைய 1060 இழுப்பதே 120 வாட், அதனால் பவர் சப்ளை நல்ல தரமானதாக இருந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் 1060-க்கு பெரும்பாலும் 6 பின் ஒயர் போதும், 4060-க்கு பொதுவாக 8 பின் கேட்கும், பெட்டியைத் திறந்து அந்த ஒயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்படியே கார்டு உள்ளே நுழையுமா என்று நீளத்தையும் அளந்துவிடுங்கள்.

விரேம், அதாவது கார்டிலேயே இருக்கும் மெமரி, அந்த விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இன்றைய பெரிய கேம்களில் டெக்ஸ்சர் (பரப்புகளின் நுணுக்கம்) அளவை உயர்த்தினால் 4060-இல் உள்ள 8 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும், நிரம்பினால் கேம் திக்கித் திக்கி ஓடும். பின்னால் 1440பி மானிட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் 12 ஜிபி-க்குக் குறையாமல் பாருங்கள்.

அப்புறம், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். 4 பிசிஐஇ லேன் (மதர்போர்டோடு தரவு போய் வரும் பாதை) மட்டுமே உள்ள கார்டு அது, பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் இன்னும் தடுமாறும்.