வாங்கும் முன் கேளுங்கள்: கோல்ஃப் பரிசும் கொஞ்சம் பயிற்சியும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஏழு கோல்ஃப் பற்றியவை. நம் மாவட்டத்தில் இந்த ஆட்டம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பட்டாளத்திலோ கப்பலிலோ வளைகுடாவிலோ பழகி வந்தவர்கள். ஆட வேண்டுமென்றால் திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள ஒன்பது குழி மைதானம் வரை போகிறார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் ஆடுகிறவருக்குப் பிடித்ததை வாங்கித் தர ஆசை. பணம் வீணாவது அங்கேதான். ஏழு கடிதங்களையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் இருந்தபோது வெலிங்டனில் கோல்ஃப் பழகியவர். அறுபதாம் கல்யாணம் வருகிறது. மருமகன் முழு செட் வாங்கித் தரலாம் என்கிறார். எந்த செட் நல்லது?
– தக்கலை வாசகி

பதில்: செட் வேண்டாம் அம்மா. கிளப், அதாவது பந்தை அடிக்கும் மட்டை, செருப்பு மாதிரி, போடுகிறவர் காலுக்குத்தான் அளவு. அவருடைய உயரம், கை நீளம், வீச்சின் வேகம் மூன்றையும் பார்த்துத்தான் கிளப்பின் நீளமும் ஷாஃப்ட் எனும் அதன் தண்டின் விறைப்பும் முடிவாகும். இருபது வயதுப் பையனுக்கு ஏற்ற விறைப்பான ஷாஃப்ட்டை அறுபது வயதுக்காரர் கையில் கொடுத்தால் பந்து எழும்பாது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என் அத்தான் பணி ஓய்வு பெற்றபோது சென்னையில் ஒரு கடையில் 38,000 ரூபாய்க்கு அயர்ன் எனும் இரும்புத்தலை மட்டைகளின் செட் வாங்கினேன். "எல்லாருக்கும் பொருந்தும்" என்றார் விற்றவர். ஷாஃப்ட் விறைப்பு. அத்தான் இரண்டு மாதம் முயன்றார், முழங்கை வலி வந்தது, மட்டைகள் மச்சில் ஏறின. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

ஒரு ஆட்டத்துக்குப் பையில் 14 கிளப்புக்கு மேல் வைத்துக்கொள்ள விதி அனுமதிக்காது. உங்கள் கணவரிடம் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு இருக்கும். அதனால் தீர்ந்துபோகும் பொருளைக் கொடுங்கள். அவர் பையைத் திறந்து எந்தப் பந்து வைத்திருக்கிறார் என்று பாருங்கள், அதே பந்து ஒரு டஜன். கையுறை இரண்டு. பழைய கிளப்புகளுக்குப் புது ரப்பர் கிரிப் போட்டுக் கொடுக்கலாம். நம் ஊர் வியர்வையிலும் ஈரத்திலும் கிரிப் கெட்டியாகி வழுக்கும், வழுக்குகிற கிரிப்பை இறுக்கிப் பிடித்தால் வீச்சே கெட்டுப்போகும். மருமகன் பெரிதாகத்தான் செய்ய வேண்டும் என்றால், நல்ல கோச்சிடம் ஐந்து வகுப்புக்குப் பணம் கட்டட்டும். அப்புறமும் கிளப் வாங்க ஆசை இருந்தால் உங்கள் கணவரையும் கடைக்குக் கூட்டிப் போய், அடித்துப் பார்க்க வைத்து வாங்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில் கோல்ஃப் கையுறை வாங்கினேன். பெட்டியில் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஏமாற்றிவிட்டார்களா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: இல்லை. கோல்ஃப் கையுறை ஒற்றையாகத்தான் விற்கும். வலதுகைக்காரர் இடது கையில் போடுவார்.

கேள்வி: சமூக வலைத்தள விளம்பரம் பார்த்து, பிரபல கம்பெனி செட் என்று 9,999 ரூபாய் அனுப்பினேன். துபாயில் இருந்து விடுமுறைக்கு வரும் அண்ணனுக்காக. முதல் நாளே டிரைவர் எனும் நீள மட்டையின் தலை கழன்று தூரப் போய் விழுந்தது. விற்றவர் போனை எடுப்பதில்லை. பில்லும் இல்லை. வீட்டில் எல்லாரும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: தம்பி, திட்டு வாங்க வேண்டியவர் நீங்கள் இல்லை. அண்ணனுக்காகச் சேர்த்த காசு அது. கழன்ற தலை யார் மேலும் படாதது பெரிய ஆறுதல்.

பார்சல் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அனுப்பியவர் முகவரி அதில் இருக்கும். விளம்பரம், உரையாடல், பணம் போன ரசீது எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். கிளப்பின் கழுத்துப் பகுதியையும் படம் எடுங்கள். பெயர்பெற்ற பல கம்பெனிகளின் கிளப்பில் அங்கே வரிசை எண் இருக்கும். அதைக் கம்பெனிக்கே அனுப்பி உண்மையானதா என்று கேட்கலாம். பணம் போன விவரத்தை இன்றே வங்கிக்குச் சொல்லுங்கள், 1930 என்ற எண்ணில் இணைய மோசடிப் புகார் கொடுங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்.

இவற்றால் நடக்காவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பில் இல்லாதது உங்கள் குற்றமில்லை. பில் தராமல் விற்பதையே சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது.

கேள்வி: என் பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து போகிறது. இந்த ஆண்டு மூன்று டிரைவர் மாற்றிவிட்டேன். நேராக அடிக்கும் டிரைவர் எது என்று சொல்லுங்கள்.
– கருங்கல் வாசகர்

பதில்: மூன்றா! ஒன்று வாங்கியதும் வளைந்தது, இரண்டாவதிலும் வளைந்தது. மூன்றாவதை வாங்கும் முன் ஒரு கோச்சிடம் அரை மணி நேரம் நின்றிருக்கலாமே ஐயா. இதே பத்தியில் எத்தனை முறை எழுதிவிட்டேன், குறை எங்கே என்று தெரியாமல் பொருளை மாற்றாதீர்கள் என்று.

பந்து வளைவதற்குக் காரணம், அடிபடும் நொடியில் கிளப்பின் முகம் வீச்சின் பாதையை விட்டு வலப்பக்கம் திறந்திருப்பது. முகத்தின் சாய்வு குறைந்த கிளப் என்பதால் டிரைவரில் அந்த வளைவு அதிகம் தெரியும். முதலில் பிடியைப் பாருங்கள். மட்டையைப் பிடித்துக் குனிந்து பார்த்தால் இடது கையின் விரல் முட்டிகளில் இரண்டு, இரண்டரை தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். டிரைவருக்குப் பந்து இடது குதிகாலின் உள்பக்க நேரில் இருக்கட்டும். தரையில் இரண்டு குச்சியை இணையாக வைத்து, இரண்டு கால் நுனிகளையும் இணைக்கும் கோடு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சரிபாருங்கள். இடப்பக்கம் குறிவைத்து நின்றால் வளைவு கூடத்தான் செய்யும். இது எதற்கும் காசு வேண்டாம்.

கேள்வி: வடசேரியில் ஒரு கடையில் சொல்லி வரவழைத்த கோல்ஃப் பை. மூன்றாம் நாள் நிறுத்துகால் உடைந்தது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.
– சுசீந்திரம் வாசகி

பதில்: இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். துணிக்கடை, பாத்திரக்கடை, மின்சாதனக் கடை, எங்கே போனாலும் பில்லின் அடியில் இது இருக்கிறது. சட்டமே அதுதான் என்று நம்பி ஜனங்கள் படியிறங்கி வந்துவிடுகிறார்கள். என் அம்மா ஒரு முறை வாங்கிய மிக்ஸி இரண்டாம் நாளே புகைந்தது. கடைக்குப் போய் இந்த வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தார். அன்று எனக்குச் சட்டம் தெரியாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தெளிவாகச் சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அச்சடித்த ஒரு வரி சட்டத்தை அழித்துவிடாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இந்த உரிமை குறையுள்ள பொருளுக்குத்தான். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்கு இல்லை. உங்கள் பையில் கால் உடைந்திருக்கிறது, அது குறைதான். உடைந்த இடத்தின் படத்தோடு கடைக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள், ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த வாரமே செய்யுங்கள்.

கேள்வி: மாமனாருக்குத் தூரம் அளக்கும் லேசர் கருவி பரிசளிக்கலாமா? போட்டியில் அனுமதிப்பார்களா?
– குளச்சல் வாசகர்

பதில்: 2019 முதல் தூரம் அளக்க விதி அனுமதிக்கிறது, நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்க அனுமதி இல்லை. அதனால் அந்த வசதியை நிறுத்தி வைக்கும் பொத்தான் உள்ளதாக வாங்குங்கள். வாரா வாரம் ஒரே மைதானத்தில் ஆடுகிறவர் என்றால் அவருக்கு இது தேவைப்படாது.

கேள்வி: மாதம் ஒரு முறைதான் மைதானத்துக்குப் போக முடிகிறது. வீட்டிலேயே ஆட்டத்தை முன்னேற்ற என்ன வாங்கலாம்? பின்னால் தென்னந்தோப்பு இருக்கிறது.
– கொட்டாரம் வாசகர்

பதில்: தோப்பில் நிஜப் பந்தை அடிக்காதீர்கள். தென்னையில் பட்டுத் திரும்பினால் கண் போகும். துளையுள்ள பிளாஸ்டிக் பந்து போதும்.

ஆனால் உங்களுக்குத் தேவை தோப்பு இல்லை, கூடம். பதினெட்டுக் குழிக்கு 72 முறை அடிப்பது என்று கணக்கு வைக்கும் மைதானத்தில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு உருட்டு என்று 36 முறையைக் குழியைச் சுற்றியுள்ள பச்சைத் திட்டில் உருட்டுவதற்கே ஒதுக்கியிருக்கிறார்கள். சரிபாதி! அந்தப் பாதியை வீட்டில் பழகலாம். இதற்கென்று நான் ஆன்லைனில் ஒரு பயிற்சி விரிப்பு வாங்கினேன். மடித்து அனுப்பியிருந்தார்கள். மடிப்பு கடைசிவரை நிமிரவில்லை, பந்து ஒவ்வொரு மடிப்பிலும் திசை மாறியது. வாங்குவதென்றால் சுருட்டி அனுப்பும் கனமான விரிப்பாகப் பாருங்கள். அதுவரை பழைய கம்பளம் போதும். வெறும் டைல்ஸ் தரையில் பந்து வழுக்கி ஓடும், கைக்கணக்கு தப்பிவிடும்.

கம்பளத்தின் மேல் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து, நான்கடி தூரத்தில் இருந்து உருட்டுங்கள். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், நாணயம் அதில் கால்பங்குதான். நாணயத்தில் பட வைக்கப் பழகிய கைக்கு மைதானத்துக் குழி பெரிதாகத் தெரியும். தலையைத் தூக்கிப் பார்க்காமல், பந்து நாணயத்தில் படும் சத்தத்தைக் காதால் கேளுங்கள். தினம் பதினைந்து நிமிடம். அடுத்த மாதம் கவடியார் போய் வந்ததும் எத்தனை உருட்டு ஆனது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.